எவர்சில்வர் ரயில் பெட்டியைப் படம் பிடிப்போமா?

உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளரின் வெளிப்புறத்தில் முகம் பாருங்கள். முகம் ஒடுங்கி நீண்டு தெரியும். வளைந்த பரப்பு உருளை ஆடியாக வேலை செய்வதே காரணம். இத்தகைய டம்ளர்களை வரிவரியாகப் படுக்க வைத்தாற்போன்ற பக்கச் சுவர்களோடு கனடாவில் ஒரு ரயில் ஓடுகிறது. டொரான்டோவுக்கும் வான்கூவருக்கும் இடையே ஓடும் அதன் பெயர் 'கனடியன்'. 1955 ஏப்ரலில் இந்த ரயில் தொடங்கப்பட்டபோது செய்த பெட்டிகள் இன்றும் பயணிகளைச் சுமக்கின்றன.

வட அமெரிக்காவில் இத்தகைய பழம்பெட்டிகளைத் தேடிச் சென்று, இனம் கண்டு, படம் எடுப்பவர்கள் பலர். வேடிக்கைப் பொழுதுபோக்குதானே என்று எண்ணிவிடாதீர்கள். இதில் கொஞ்சம் பௌதிகமும் வேண்டும்.

பெட்டியின் வயதை எப்படி அறிவது? கூரையைப் பாருங்கள், பிறகு சக்கரங்களை எண்ணுங்கள். கூரையின் நடுப்பகுதி மட்டும் மேலெழும்பி, அதன் ஓரங்களில் சிறு ஜன்னல்கள் இருந்து, ஒவ்வொரு போகியிலும் மூன்று அச்சுகளும் இருந்தால், அது பெரும்பாலும் 1930க்கு முற்பட்ட கனத்த இரும்புப் பெட்டி. சுவரில் ரிவெட் ஆணிகளின் தலைகள் வரிசையாகத் தெரியும். கூரை ஒரே வளைவாக, போகிக்கு இரண்டே அச்சுகளாக இருந்தால் பிற்காலத்து இலேசான பெட்டி.

அந்த இலேசான பெட்டியில்தான் சுவையான சிக்கல் இருக்கிறது. எவர்சில்வரில் ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. துருவைத் தடுப்பது குரோமியம். ஆனால் சாதாரண முறையில் பற்றவைக்கும்போது உலோகம் சிறிது நேரம் கடுஞ்சூட்டில் இருக்கிறது. அப்போது குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடுவதால், பற்றவைத்த இடத்தருகே காவல் குறைந்து துரு புகுந்துவிடும். இதற்கு வழி கண்டவர் பிலடெல்பியா நகரின் 'பட்' நிறுவனப் பொறியாளர் எர்ல் ராக்ஸ்டேல். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தையும், தடையையும், நேரத்தையும் பொறுத்தது என்ற ஜூல் விதி உங்களுக்குத் தெரியும். மிகப் பெரிய மின்னோட்டத்தை வினாடியின் சிறு பின்னம் மட்டும் செலுத்தினால் தகடுகள் ஒட்டிக்கொள்ளும். குரோமியம் கெட நேரமிராது! இப்படிச் செய்த 'செஃபிர்' ரயில் 1934 மே 26 அன்று டென்வரிலிருந்து சிகாகோ வரை சுமார் 1,633 கி.மீ. தூரத்தை 13 மணி 5 நிமிடத்தில் கடந்தது. இன்று அது சிகாகோ அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 'கனடியன்' பெட்டிகளும் 'பட்' செய்தவையே.

போட்டியாளர்கள் சிலர் வேறு வகை எஃகால் பெட்டி செய்து, மேலே மட்டும் நெளிவரி எவர்சில்வர் தகட்டைப் போர்த்தினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் போர்வைக்கும் உடலுக்கும் இடையே ஈரம் தங்கி, உள்ளே துரு அரித்தது. பழைய பெட்டியை வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவருக்கு இது பெரிய இடி. எனவே தகட்டின் விளிம்பு புடைத்திருக்கிறதா, ஜன்னலின் கீழ் துருக்கறை வழிகிறதா என்று பாருங்கள். கூரையையும் பாருங்கள், 'பட்' பெட்டிகளில் பெரும்பாலும் அங்கும் நெளிவரிகள் உண்டு.

இந்த அடையாளங்கள் படத்தில் விழ வேண்டுமே! மணிக்கு 72 கி.மீ. என்பது வினாடிக்கு 20 மீட்டர். ஷட்டர் 1/100 வினாடி திறந்திருந்தால் பெட்டி 20 செ.மீ. நகர்ந்துவிடும்; வரிகளில் இருக்கும் ரிவெட்டுகளும் எண்களும் கரைந்துபோகும். 1/500 என்றால் 4 செ.மீ.தான். பாதைக்கு 30 பாகை சாய்வாகப் பார்த்தால் குறுக்கு நகர்ச்சி அதிலும் பாதி. வினிபெக், ஜாஸ்பர் போன்ற நிலையங்களில் ரயில் நெடுநேரம் நிற்கும்போது எடுத்துவிடுவது இன்னும் புத்திசாலித்தனம். தண்டவாளத்தின் மீது இறங்குவது மட்டும் கூடாது.

அடுத்த தொல்லை பளபளப்பு. காமிராவின் ஒளிமானி, காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதிக்கொள்ளும். வெயிலில் மின்னும் சுவரைக் கண்டதும் வெளிச்சத்தைக் குறைத்துவிடும். போகிகள் கரிய இருளில் மறையும். பக்கத்துப் புல்தரையை நோக்கி அளவு பாருங்கள். முனைவாக்க வடிகட்டி ஜன்னல் கண்ணாடியின் கூசலைக் குறைக்கும். உலோகத்தின் கூசலை அவ்வளவாகக் குறைக்காது. காலை அல்லது மாலையில் சாய்ந்து விழும் வெயிலில் ரிவெட்டுகளுக்கு நிழல் விழுவதால் அவை எளிதில் புலப்படும்.

2024இல் கனடா அரசு இந்த நெடுந்தூர வண்டிகளுக்குப் பதிலாகப் புதியவை வாங்க நிதி அறிவித்தது. ஆகவே இப்போது எடுக்கும் படங்களுக்கு மதிப்பு அதிகம். பெட்டியின் பெயர், எண், இடம், தேதி நான்கையும் அன்றே ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள். இரு பக்கங்களையும் தனித்தனியே எடுங்கள். ஜன்னல்கள் இரு பக்கமும் ஒரே மாதிரி அமைவதில்லை.