கை, கால் மரத்துப் போகுதா? வாயு என்று விட்டுவிடாதே

“அக்கா, ராத்திரியில கை மரத்துப் போகுது, கால் சதை இழுத்துப் பிடிக்குது.” சென்னை காட்டுப்பாக்கத்தில் வண்டி ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள், தையல் மெஷினில் உட்காருகிறவர்கள், வீட்டிலேயே இருக்கும் அம்மாக்கள் எல்லோரிடமும் இதைக் கேட்கலாம். வாயு என்று சொல்லித் தைலம் தேய்ப்போம், இல்லையென்றால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு அட்டை சத்து மாத்திரை வாங்குவோம். தங்கச்சி, அதற்கு முன்னால் ஒன்று செய். எங்கே மரக்கிறது, எப்போது மரக்கிறது, எதுவரை ஏறியிருக்கிறது என்று கவனித்து எழுதி வை. டாக்டருக்குப் பாதி விஷயம் அதிலேயே புரிந்துவிடும்.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மட்டும் மரத்து, தூக்கத்தில் விழித்துக் கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறது என்று அர்த்தம். தைராய்டு, சர்க்கரை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது அதிகம். இரவில் மணிக்கட்டு மடங்காமல் பட்டை போட்டுப் படுத்தாலே பலருக்குக் குறையும். சுண்டு விரல் பக்கம் மரத்தால் பெரும்பாலும் முழங்கையில் சிக்கல். போனைக் காதில் வைத்தபடி முழங்கையை மடக்கியே இருக்காதே. கட்டை விரலுக்குக் கீழே உள்ள சதை மேடு தட்டையாகத் தொடங்கினால் நாள் கடத்தக் கூடாது.

இரண்டு பாதமும் ஒன்றாக மரத்து, அது மெல்ல மேலே ஏறினால் முதலில் சர்க்கரையைப் பார். நம் ஊரில் டாக்டர்கள் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “நடக்கும்போது செருப்பு கழன்றால் தெரிகிறதா?” தெரியவில்லை என்றால் நரம்பு நன்றாகவே பாதிக்கப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் சுடுதண்ணீர்ச் சூட்டைக் காலால் பார்க்கக் கூடாது. தினமும் படுக்கும் முன் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும். முள் குத்தியிருந்தாலும் வலிக்காது, அதுதான் ஆபத்து. 2021 ஆகஸ்ட்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் வீடு தேடிச் சர்க்கரை மாத்திரை வருகிறது. மாத்திரையை வாங்கிக்கொள்வதோடு நிறுத்தாமல், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காலில் உணர்ச்சி பரிசோதிக்கச் சொல்லிக் கேள்.

வைட்டமின் பி12 குறைவும் இதே மாதிரி மரக்க வைக்கும். சுத்த சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது வரும். ஆனால் நீயாக ஊசி போட்டுக்கொண்டு பிறகு ரத்தப் பரிசோதனைக்குப் போகாதே. ரிப்போர்ட்டில் அளவு தாராளமாகக் காட்டும், குறை மறைந்துவிடும். இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. பி6 அதிகம் உள்ள மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே கை காலை மரக்க வைக்கும்.

தோலில் வெளிறிய தேமல், அந்த இடத்தில் மட்டும் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோயா என்று பார்த்துவிட வேண்டும். வெட்கப்பட ஒன்றுமே இல்லை. செங்கல்பட்டு பக்கம் திருமணியில் இதற்கென்றே மத்திய அரசின் நிலையம் இருக்கிறது, அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம், 6 மாதத்திலிருந்து 12 மாதத்தில் முடிந்துவிடும்.

இனி இறுக்கம். நாள் முழுக்க நின்றவர்களுக்கு ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது சகஜம். அதுவே கால் விறைத்து நடை தடுமாறி, ஜாக்கெட் ஊக்கு மாட்டவோ சட்டைப் பொத்தான் போடவோ விரல் ஒத்துழைக்கவில்லை என்றால், கோளாறு காலில் இல்லை, கழுத்தில் தண்டுவடம் அழுந்தியிருக்கலாம். இந்த நிலையில் சலூனிலோ சுளுக்கு எடுப்பவரிடமோ கழுத்தைத் திருப்பி சொடுக்கு எடுப்பது மிகப் பெரிய ஆபத்து. வீட்டில் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் இதைச் சொல்லி வை.

இருபது, முப்பது வயதுப் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நெஞ்சையோ வயிற்றையோ சுற்றி கயிறு கட்டி இறுக்கியது போல இருப்பது, ஒரு பக்கம் மரத்து சில வாரத்தில் தானாக விடுவது, ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குவது: இவை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயாக இருக்கலாம். போய்விட்டதே என்று விடாமல் நரம்பியல் டாக்டரைப் பார். சென்ட்ரல் எதிரில் உள்ள அரசு பொது மருத்துவமனையில் 1950லேயே டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அங்கே இன்றும் நரம்பியலுக்குப் பணமில்லாமல் போய்க் காட்டலாம்.

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. வயிற்றுப்போக்கோ காய்ச்சலோ வந்து ஒன்றிரண்டு வாரத்தில் பாதத்தில் தொடங்கிய மரப்பும் பலவீனமும் மளமளவென்று தொடைக்கு ஏறினால் அது கியான் பாரே என்ற நரம்பு நோயாக இருக்கலாம். 2025 ஜனவரியில் புனேவில் பலருக்கு வந்ததே, அதுதான். மூச்சு விடும் தசையைப் பிடிப்பதற்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். முதுகு வலியோடு, உட்காரும் இடம் மரத்து சிறுநீர் வராமல் நின்றால் அன்றைக்கே போ. திடீரென ஒரு பக்கக் கை கால் மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. வெந்நீர் ஒத்தடம், ஜூஸ் என்று ஒன்றும் கொடுக்காமல் 108க்குப் போன் செய், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துச் சொல்.

பூந்தமல்லி ரோடு நெரிசல் உனக்குத் தெரியாததில்லை. ராத்திரியிலும் சி.டி. ஸ்கேன் எடுத்து இந்த ஊசி போடும் ஆஸ்பத்திரி பக்கத்தில் எது என்று இப்போதே கேட்டு வை. சாதாரணமாக டாக்டரிடம் போகும்போது நடையை போனில் ஒரு நிமிஷம் வீடியோ எடுத்து, சாப்பிடும் மாத்திரை அட்டைகளைப் பையோடு கொண்டு போ. டாக்டர் சொல்வதற்கு முன் நீயாக எம்.ஆர்.ஐ. எடுத்துப் பணத்தைக் கரைக்காதே.