உங்கள் மகளின் முதுகைப் பார்த்தீர்களா?

ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்து வந்தாச்சு. மகள் போட்டுப் பார்க்கிறாள். பாவாடை ஒரு பக்கம் ஏறி, இன்னொரு பக்கம் இறங்கி நிற்கிறது. டெய்லரிடம் சண்டைக்குப் போகிறீர்கள். அவரோ, "தையல்ல தப்பில்லைம்மா... பாப்பாவோட தோள்பட்டையே ஒண்ணு மேல, ஒண்ணு கீழ இருக்கு" என்கிறார். உங்களுக்குப் பகீரென்கிறது!

காட்டுப்பள்ளி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட் என்று ஓடும் வீடுகள் நிறைய. பத்துப் பன்னிரண்டு வயசானதும் பிள்ளை தானே குளித்து, தானே உடுத்திக்கொள்கிறது. அதன் முதுகை யாருமே பார்ப்பதில்லை. வலியும் பெரும்பாலும் இருக்காது. வளைவு சத்தமில்லாமல் வளர்வது இப்படித்தான்.

இதற்குப் பெயர் ஸ்கோலியோசிஸ். கூன் வேறு, இது வேறு. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்து, கூடவே முறுக்கிக்கொள்கிறது. 10 முதல் 18 வயதுக்குள் நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது வரலாம். வளைவு பெரிதாவது பெண் பிள்ளைகளிடம்தான் அதிகம். பெரும்பாலோருக்குக் காரணம் இன்னதென்று சொல்ல முடியாது. புத்தகப் பையோ, கோணலாக உட்கார்ந்ததோ காரணம் இல்லை. அதனால் பிள்ளையைத் திட்டாதீர்கள்!

வீட்டிலேயே ஒரு சோதனை

காலைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரு கைகளையும் கூப்பித் தொங்கவிட்டு முன்னால் குனியச் சொல்லுங்கள். பின்னால் நின்று முதுகை மட்டத்தில் பாருங்கள். விலா ஒரு பக்கம் மேடாகத் தெரிகிறதா? இடுப்பு ஒரு பக்கம் மட்டும் தூக்கலா? அப்படியானால் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிஷம் பார்த்தால் போதும்.

ஆபரேஷன்தானா?

அவசரப்பட்டு அழாதீர்கள். எக்ஸ்-ரேயில் வளைவை டிகிரியில் அளப்பார்கள். 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ். சுமார் 25 வரை கவனிப்பும் உடற்பயிற்சியும். அதற்கு மேல் போய், பிள்ளை இன்னும் வளர்கிற வயதில் இருந்தால் பிரேஸ் என்கிற கவசம், கூடவே பயிற்சி. ஆபரேஷன் பற்றிய பேச்சு பொதுவாக 45, 50 டிகிரியைத் தாண்டினால்தான்.

பலூன் சொன்ன பாடம்

ஜெர்மனியில் 1894-ல் பிறந்த கத்தரினா ஷ்ரோத் என்ற பெண்ணுக்கே இந்த வளைவு இருந்தது. இரும்புக் கவசம் மாட்டினார்கள். ஒரு பக்கம் நசுங்கிய பலூனை ஊதினால் பள்ளம் நிமிர்வதைப் பார்த்தவர், 'என் விலாவின் பள்ளத்தையும் மூச்சால் நிரப்பினால் என்ன?' என்று யோசித்தார். கண்ணாடி முன் நின்று தன் உடம்பிலேயே பழகினார். 1921-ல் மைசென் ஊரில் மற்றவர்களுக்கும் கற்றுத் தர ஆரம்பித்தார். இன்றைக்கும் ஃபிசியோதெரபிஸ்டுகள் அவர் பெயரிலேயே சொல்லித் தருகிறார்கள்.

முதலில் உடம்பை உயரமாக நீட்டிக்கொள்ள வேண்டும். பக்கம் சாய்ந்ததை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். பள்ளமான பக்கத்துக்கு மூச்சை இழுத்து, அந்த நிலையிலேயே தசைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். உட்காரும்போதும் நடக்கும்போதும் அதே நிலை பழக வேண்டும். தினமும் அரைமணி முதல் முக்கால் மணி!

ஆனால் ஒன்று... ஒருத்தியின் வளைவு மாதிரி இன்னொருத்திக்கு இருக்காது. பக்கம் மாற்றிச் செய்தால் பலனில்லை. அதனால் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பயிற்சியையோ, படத்தில் பார்த்ததையோ செய்ய வேண்டாம். எலும்பை 'நிமிர்த்தி விடுகிறேன்' என்று யாராவது முதுகை அழுத்த வந்தால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு பலன்?

உள்ளதைச் சொல்லிவிடுவோம். பயிற்சி வளைவைக் கட்டுக்குள் வைக்கவும், சில டிகிரி குறைக்கவும் உதவியதாகச் சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. முதுகை ஸ்கேல் மாதிரி நேராக்கிவிடும் என்று யாராவது சத்தியம் செய்தால் நம்பாதீர்கள்.

பிரேஸுக்குப் பலமான ஆதாரம் உண்டு. அமெரிக்கா, கனடாவில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வளர்ச்சி முடியும்வரை வளைவு 50 டிகிரியைத் தொடவில்லை. போடாதவர்களில் 48 சதவீதம்தான். நாளுக்குச் சுமார் 13 மணி நேரமோ அதற்கு மேலோ போட்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் தப்பித்தார்கள். அலமாரியில் தொங்கும் பிரேஸ் யாருக்கும் உதவாது!

எங்கே போவது?

முதலில் பொன்னேரி அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல் சிகிச்சைக்கு மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால், எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது. ராத்திரி வலி, கால் மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்படாமல் போவது இருந்தால் ஒரு நாளும் தள்ளாதீர்கள்.

'வெளியே தெரிஞ்சா நாளைக்கு யார் கட்டிப்பா?' என்று துப்பட்டாவால் மூடி வைக்கும் அம்மாக்கள் உண்டு. அம்மா, வளைவு வேகமாக வளர்வது பிள்ளை விறுவிறுவென்று உயரமாகும் காலத்தில், அதாவது பூப்பெய்துவதற்குச் சற்று முன்னும் பின்னும். பூப்பெய்தி இரண்டு வருஷத்தில் உயரம் கிட்டத்தட்ட நின்றுவிடும். பயிற்சிக்கும் பிரேஸுக்கும் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான். மூடி வைத்தால் போவது அந்த நேரம்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் சாக்கில் முதுகை ஒருமுறை பாருங்களேன்!