கூடுதலும் கலைதலும்

வஜ்ஜியர் என்னும் குடியரசினர் கெடாதிருத்தற்கு ஏழு நெறிகளைப் பகவன் புத்தர் அறிவுறுத்தினார். முதலாவது, அடிக்கடி கூடுதல். இரண்டாவது, ஒற்றுமையாய்க் கூடி ஒற்றுமையாய்க் கலைதல். 2020-ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது முதல் நெறி வீட்டளவில் சுருங்கிற்று. இரண்டாவது நிலைத்ததா என்பதே இப்பாடத்தின் வினா.

2001-இல் சுரங்கம் மூடப்பட்டபின் தங்கவயல் மக்கள் பலர் விடியுமுன் மாரிக்குப்பத்தில் இரயிலேறிப் பெங்களூரில் உழைத்து இரவில் திரும்புவர். ஆலையில் தங்கக்கல் அரைத்த யானும் அவர்களுள் ஒருவனானேன். 2020 மார்ச்சு 25-இல் ஊரடங்கு தொடங்கிற்று. இரயில் நின்றது, கூலியும் நின்றது. ஆயினும் பகலில் தந்தை முகம் காணாத பிள்ளைகள் அவ்வாண்டு கண்டனர். மே 7-இல் வந்த வைசாகப் பௌர்ணமியன்று எம் லயன் வீட்டின் ஒரே அறையில் எண்மர் அமர்ந்து திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதினோம்.

எனினும் என் பிழையை மறையேன். நெருக்கம் சினத்தையும் வளர்த்தது. அரிசி குறைந்த ஒருநாள் என் தம்பியைக் கடிந்தேன். அவன் மனைவி மக்களோடு வேறு வீடு சென்றான். 2021-இல் இரண்டாம் அலையில் மாண்டான். அடக்கத்திற்குச் சிலரே சென்றோம். பொறுத்தருள்வாய் என்று யான் கூற, கேட்க அவனில்லை. நாடோறும் கூடினோம், ஒற்றுமையாய்க் கலைந்தோமில்லை.

சாவு நிகழா வீட்டில் கடுகு பெற அலைந்த கிசாகோதமி, அது கிடையாமையாலேயே தெளிவு பெற்றாள். இன்று நம் லயன்களிலும் அக்கடுகு கிடையாது. ஆதலின், இரயில் மீண்டும் ஓடும் இந்நாளில் வாரத்தில் ஓரிரவேனும் குடும்பத்தோடு அமருங்கள். மனத்தாங்கலைத் தீர்த்தபின் எழுங்கள்.