'பூஸ்ட்' பண்ணாமலும் வியாபாரம் வரும்

பேஸ்புக்கில் ஒரு படத்தைப் போட்டு, அதை 'பூஸ்ட்' பண்ணுவதற்குக் காசு கட்டிவிட்டால் வியாபாரம் தானாக நடக்கும் என்று எம்மவர்களில் பலர் நினைக்கின்றனர். காசு இருக்கும் வரை படம் ஓடும், முடிந்ததும் நின்றுவிடும். 'லைக்' போட்டவர்கள் ஏராளம், சாமான் வாங்கியவர்களோ விரல் விட்டு எண்ணக் கூடியவர்கள். சிறிய முதலோடு கடை நடத்துபவருக்கு இது கட்டுப்படியாகாது. செலவில்லாத வேலைகளைச் செய்து முடித்த பிறகே விளம்பரத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவதற்கு ஒரு சதமும் தேவையில்லை. 'கூகுள் பிஸ்னஸ் புரொபைல்' என்பது இதன் பெயர். ஒருவர் தேடும்போது எந்தக் கடை முன்னுக்கு வரும்? தேடிய சொல்லுக்குக் கடை பொருந்துகிறதா, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தளவுக்கு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்தே தீர்மானிப்பதாகக் கூகுள் சொல்கிறது. காசு கொடுத்து இந்த வரிசையில் ஏற முடியாது. புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கும் ஊர்ச் சந்திக் கடைக்காரருக்கும் ஒரே சட்டம்தான். ஜும்ஆவுக்காகக் கடை மூடும் நேரத்தையும் பெருநாள் விடுமுறையையும் அதில் குறித்துவிடுங்கள். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பியவரை மறுபடியும் அழைப்பது கஷ்டம்.

வாங்கியவரிடம் இரண்டு வரி அபிப்பிராயம் எழுதும்படி கேட்கலாம். அதற்காக விலைக்கழிவோ பரிசோ கொடுப்பதைக் கூகுள் தடை செய்துள்ளது. மச்சானையும் மருமகனையும் கொண்டு எழுதுவிப்பதும் வேண்டாம், வாசிப்பவர் முட்டாளல்ல.

எம்மிடமுள்ள பெரிய நோய் 'விலைக்கு இன்பொக்ஸ் வாருங்கள்' என்று எழுதுவதுதான். கடையில் விலையைக் காட்சிப்படுத்த வேண்டுமென 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. கடையில் காட்டும் விலையைப் படத்தில் மறைப்பானேன்? பக்கத்துக் கடைக்காரர் பார்த்துவிடுவார் என்பார்கள். அவருக்கு அது ஏற்கனவே தெரியும். தெரியாதவர் வாடிக்கையாளர் மட்டுமே.

மருதமுனைக் கைத்தறிச் சாரம் விற்பவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவில் டியூப் லைட்டின் கீழ் எடுத்த படத்தில் கடும் பச்சை, கறுப்பாகத் தெரியும். சாமான் கைக்குப் போனதும் 'நான் கேட்டது இதல்ல' என்பார்கள். காசு கொடுக்காமல் பொதியைத் திருப்பினால் போகவும் வரவும் கூரியர் செலவு வியாபாரியின் தலையில்தான் விழும். ஆகவே காலை வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் படம் எடுங்கள். நீளம், அகலம், நூலின் வகை, விலை, அனுப்பும் செலவு அனைத்தையும் எழுதுங்கள். முதல் தோய்ச்சலில் சாயம் இறங்குமென்றால் அதையும் மறைக்க வேண்டாம். பொருளின் பெயரைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் போடுவது அவசியம். குருநாகலில் இருக்கும் சிங்களச் சகோதரர் 'சாரம்' என்று தமிழில் தேடப் போவதில்லை.

இதே படங்களை 2018இல் வந்த 'வட்ஸ்அப் பிஸ்னஸ்' செயலியின் பொருட்பட்டியலில் இலவசமாக ஏற்றலாம். அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்குப் பதில்களைத் தயாராக எழுதி வைக்கவும் அதில் வசதியுண்டு. இரவு கேட்டவருக்கு மறுநாள் பகல் பதில் சொன்னால், அதற்கிடையில் அவர் வேறிடத்தில் வாங்கியிருப்பார்.

ஆனாலும் இவையெல்லாம் பிறருடைய வளவில் நாம் போடும் கொட்டில்கள். கூகுள் இலவசமாகக் கொடுத்த கடை இணையத்தளங்களை 2024 மார்ச்சில் மூடிவிட்டது. எமது நாட்டில் 2018 மார்ச்சிலும், 2019, 2022 ஏப்ரல் மாதங்களிலும் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியான நாளில் சாதாரண அழைப்பு எடுத்தாவது பேச வேண்டுமானால் வாடிக்கையாளரின் இலக்கம் எம்மிடம் இருக்க வேண்டும். ஒரு சீஆர் கொப்பி போதும். பெயர், இலக்கம், ஊர், வாங்கிய சாமான், திகதி ஆகியவற்றை ஒவ்வொரு நாளும் கடை மூடுமுன் எழுதி வையுங்கள்.