நூல் சீராக வருவது எவ்வாறு?

நெய்து இறக்கிய துணியில் குறுக்கே வரி வரியாக நிழல் விழுவதை நெசவாளர் யாவரும் கண்டிருப்பர். ஊடை நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருப்பதால் இது நேரிடுவதுண்டு. சங்கத்தில் தரம் பார்க்கும்பொழுது பழி நெய்தவர் மீது விழுகிறது, கூலியும் குறைகிறது. ஆயினும் அக்குறை தறிக்கு வருமுன்னரே, நூற்பாலையிலேயே தோன்றியிருக்கக்கூடும்.

40-ஆம் நம்பர் நூல் என்றால், 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் நாற்பது சேர்ந்து ஒரு பவுண்டு எடை இருத்தல் வேண்டும். இது சராசரிக் கணக்கே. சிட்டத்தின் எடை சரியாயிருந்தும் உள்ளே கெஜத்துக்குக் கெஜம் பருமன் மாறலாம். தராசு அதனைக் காட்டாது.

பருமனைச் சீராக்கும் பணி டிராயிங் இயந்திரத்தில் நடைபெறுகிறது. எட்டுப் பஞ்சுத் திரிகள் ஒன்றாக உள்ளே செல்கின்றன. பின் உருளையைவிட முன் உருளை எட்டு மடங்கு விரைவாகச் சுழன்றால், அவை இழுபட்டு ஒரு திரியின் பருமனில் வெளிவரும். உள்ளே வருவது நூற்றுக்கு நான்கு பங்கு தடித்திருப்பின், இழுப்பை 8-லிருந்து 8.32 ஆக உயர்த்த வேண்டும். வழியிலுள்ள அளவு உருளை பருமனை உணர்ந்து சொல்ல, மோட்டார் வேகத்தை மாற்றுகிறது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அளக்கும் இடத்துக்கும் இழுக்கும் இடத்துக்கும் இடையே ஒரு மீட்டர் தொலைவு என்றும், திரி நிமிடத்துக்கு 120 மீட்டர் செல்வதாகவும் கொள்வோம். தடித்த பகுதி அங்குச் சென்று சேர அரை நொடி ஆகும். அளந்த கணமே வேகத்தை மாற்றினால், முன்னே செல்லும் நல்ல பகுதி மெலிந்துவிடும். தடித்த பகுதியோ திருத்தமின்றித் தப்பிவிடும். ஒரு குறை இரண்டாகும்! இயந்திரம் பாதி வேகத்தில் ஓடினால் அரை நொடி ஒரு நொடியாகிவிடும். ஆதலால் இதனை அமைப்போர், திரியின் ஓட்டத்தை முதலில் கணக்காக எழுதி, அக்கணக்கில் சோதித்த பின்னரே கருவியை அமைக்கின்றனர். அளவை நினைவில் வைத்து, அப்பகுதி வந்து சேரும்பொழுது மட்டுமே கருவி செயற்படும்.

வெளிவந்த திரியை அளந்து திருத்தும் முறையும் உண்டு. அதில் குறையுள்ள பகுதி கைகடந்து போயிருக்கும். அவசரப்பட்டுத் திருத்தினால் பருமன் இருபுறமும் ஊசலாடும். இத்தகைய தாமதத்தைக் கணக்கிட்டு, செயல்முறையின் மாதிரியையே கட்டுப்பாட்டுக் கருவிக்குள் வைக்கும் வழியை, அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓட்டோ ஸ்மித் 1957-இல் வெளியிட்டார். இரசாயன ஆலைகள் முதலியவற்றிலும் அம்முறை பயன்பட்டு வருகிறது.

கணக்கு எத்துணைச் சிறந்ததாயினும் அளவு உருளையில் பஞ்சுத் தூசி படிந்துவிட்டால், கருவி பொய்யான அளவை நம்பி, இல்லாத தடிப்பைத் திருத்தத் தொடங்கிவிடும். ஆகவே பரிசோதனைச் சாலையில் திரியைத் தனியே நிறுத்துப் பார்க்கும் வழக்கத்தைக் கைவிடலாகாது. அங்கத்தினர்களும் வரி விழுந்த துணியோடு நூல் கட்டின் சீட்டையும் சேர்த்துச் சங்கத்தில் கொடுத்தல் நலம். எந்த ஆலையில் எந்நாளில் கட்டிய நூல் என்பதை அதைக் கொண்டே கேட்க இயலும்.