எண்ணித் தைப்போம், பிறகு வெட்டுவோம்

இடம்பெயரும்போது காணியையும் கிணற்றையும் தூக்கிவர முடியாது. ஊசியும் நூலும் ஒரு பைக்குள் அடங்கும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும் 1995இல் வலிகாமத்திலிருந்தும் வெளியேறிய நாம் இதை அனுபவத்தில் அறிவோம்.

தையல் நமக்குப் புதிதல்ல. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனின் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் தையலும் ஒரு பாடம். நாகர்கோவிலில் மார்த்தா மோல்ற் அம்மையார் கற்பித்த லேஸ் பின்னலால் அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலைக்கான பணத்தையே உழைத்தார்கள்.

இம்முறை நாம் படிப்பது நோர்வேயின் ஹாடாங்கர் வேலை. ஹாடாங்கர் என்பது பழத்தோட்டங்கள் நிறைந்த ஒரு கமப் பகுதி. அங்குள்ள பெண்கள் தமது மரபு உடையின் வெள்ளை முன்றானையில், வெள்ளை நூலால் இதைத் தைக்கிறார்கள்.

செய்யும் முறை:

1. நெடுக்கும் குறுக்கும் சமமாக நெய்த, இழை எண்ணக்கூடிய துணி வேண்டும். பழகுவதற்குச் சாக்குத் துண்டும் தடித்த நூலும் போதும். ஊசியின் முனை மழுங்கியிருக்கட்டும்.

2. நான்கு இழைகளைத் தாண்டி ஒரு தையல். அதன் பக்கத்தில் ஒவ்வோர் இழை தள்ளி, மொத்தம் ஐந்து தையல்கள். இது ஒரு கட்டு.

3. வெங்காயப் பாத்திக்கு வரம்பு கட்டுவதுபோல, கட்டுகளால் ஒரு சதுரத்தைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் நேரெதிரே இன்னொரு கட்டு நிற்க வேண்டும்.

4. தையல்களின் நுனி முடியும் பக்கத்தில் மட்டும், ஐந்து தையல்களுக்கு இடைப்பட்ட நான்கு இழைகளையும் வெட்டி உருவுங்கள். எதிர்க்கட்டிலும் அவ்வாறே செய்யுங்கள்.

5. எஞ்சிய நான்கு இழைகளை இரண்டிரண்டாகப் பிரித்து, மெல்லிய நூலால் மேலும் கீழுமாகப் பாய் பின்னுவதுபோல நெருக்கமாகப் பின்னுங்கள்.

முழுச் சதுரத்தையும் எண்ணிச் சரிபார்க்கும் வரை கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். ஓர் இழை பிசகினால் எதிர்க்கட்டு பொருந்தாது. பிழையாகத் தைத்ததைப் பிரிக்கலாம். வெட்டிய இழையை ஒட்ட முடியாது.

விற்க நினைப்போர், துணிவிலை, நூல்விலை ஆகியவற்றோடு செலவான மணித்தியாலங்களையும் கொப்பியில் எழுதுங்கள். பெண்ணின் நேரத்துக்கு விலை போடாவிட்டால் இலாபம் வாங்குபவருக்கே போகும். கடன்பட்டுத் துணி வாங்காதீர்கள். முதலில் ஒரு சிறு விரிப்புத் தைத்து விற்றுப் பாருங்கள்.

இந்த வேலை நம் காணிக்கு ஈடாகாது. காணியைக் கேட்பதை விடாமல், கையையும் சும்மா விடாமல் இருப்போம்.

கலந்துரையாட: ஒரு சிறு விரிப்புக்கு உங்களுக்கு எத்தனை மணித்தியாலம் செல்லும்? அதே நேரம் தோட்டக் கூலிக்குப் போனால் எவ்வளவு கிடைக்கும்?