கேமராவிற்கு எந்த மின்கலம்?

சென்ற விளையாட்டு விழாவில் தொடர் ஓட்டத்தில் வென்ற தங்கைகளின் படம் இம்மலரில் இல்லாததை வாசகியர் கவனித்திருப்பீர்கள். தவறு எங்களுடையதே. மன்றத்தின் பழைய டிஜிட்டல் கேமரா, காலையில் போட்ட நான்கு புது ஆல்கலைன் செல்களோடு, பரிசளிப்பு வேளையில் கண்ணை மூடிக்கொண்டது. மறுநாள் அவற்றுள் ஒன்றை வகுப்புக் கடிகாரத்தில் போட்டோம். கடிகாரம் ஓடியது! 'செத்த' செல் எவ்வாறு ஓட்டும்?

ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், மறுபடியும் மின்னேற்றத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட். பார்த்தால் முன்னதே வலியது. ஆயினும் மின்கலத்தின் அகத்தடையை மறந்துவிடலாகாது. புதிய ஏஏ அளவு ஆல்கலைன் செல்லில் அது ஏறத்தாழ 0.15 ஓம், ஹைட்ரைடு செல்லில் 0.03 ஓம் அளவே. ஃபிளாஷின் மின்தேக்கி நிரம்புகையில் 2 ஆம்பியர் பாய்வதாகக் கொள்வோம். ஓம் விதிப்படி ஆல்கலைனில் 0.3 வோல்ட் உள்ளேயே வீணாகும், மற்றதில் 0.06 வோல்ட்தான். மிஞ்சுவது முறையே 1.2, 1.14. ஏறக்குறைய சமமாகிவிட்டது அல்லவா? போகப் போக ஆல்கலைனின் மின்னழுத்தம் சரிந்துகொண்டே வரும், அகத்தடையும் கூடும். ஹைட்ரைடு செல்லோ பெரும்பாலும் கடைசிவரை 1.2ஐ ஒட்டியே நிற்கும். கடிகாரம் கேட்பது மிகச் சொற்ப மின்னோட்டமாதலால், கேமரா தள்ளிய செல் அதற்குப் போதுமானதாயிற்று.

அப்படியானால் ஹைட்ரைடே என்று முடித்துவிடலாமா? பழைய வகையில் ஒரு குறை உண்டு. சும்மா வைத்திருந்தாலே முதல் மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ மின்னேற்றம் வடிந்துவிடும். 2005இல் சான்யோ நிறுவனம் வெளியிட்ட எனலூப் வகை இக்குறையைப் பெரிதும் தீர்த்தது. ஓராண்டுக்குப் பின்னும் 85 விழுக்காடு எஞ்சும் என அந்நிறுவனம் அறிவித்தது. சார்ஜருக்கு முதலில் பணம் போடவேண்டும். நூற்றுக்கணக்கான முறை மின்னேற்றலாம் என்பதால், அடிக்கடி படம் எடுப்போர்க்கு அது திரும்பிவிடும். ஆண்டுக்கு இரண்டே முறை கேமராவைத் தொடும் வீட்டிற்கு வராது. கடுங்குளிர் மலைக்குச் செல்வோர்க்கு, மின்னேற்ற முடியாத லித்தியம் செல்லே ஏற்றது. எடையும் குறைவு, விலைதான் அதிகம்.

நாங்கள் எட்டு ஹைட்ரைடு செல்கள் வாங்கினோம். நான்கு கேமராவில், நான்கு டப்பாவில். இரு தொகுதிகளையும் கலக்காதிருக்கச் சிவப்பு, நீல நூல் சுற்றியிருக்கிறோம். உறை பிரிக்காத ஆல்கலைன் நான்கும் அலமாரியில் இருக்கின்றன. அவை பல ஆண்டுகள் கெடாது. சார்ஜ் போட மறந்த நாளில் கைகொடுக்கும்.